காற்றுக்குக் காத்திருந்த விருந்தினர்

உத்தியோகத்தை முன்னிட்டோ வாணிபத்தை முன்னிட்டோ ஊர்விட்டு வந்து, பிற மாநிலங்களில் குடியிருக்கும் நம்மவர்க்கு ஆண்டுதோறும் ஒரு சங்கடம் நேர்கின்றது. நாம் வாழும் ஊர் தன் பெருந்திருவிழாவைக் கொண்டாடத் தொடங்கும்போது நாம் எங்கே நிற்பது? தெருவோரத்தில் வேடிக்கை பார்ப்பவராக நிற்பதா? அழைக்கப்பட்ட விருந்தாளியாக நாற்காலியில் அமர்வதா? அன்றி, அவ்வூராரோடு பந்தியில் உட்கார்ந்து அவர்கள் உண்பதையே உண்பதா?

இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா நகரில், இந்தக் கேள்வி நம்மவர் வந்து குடியேறுவதற்கு நெடுங்காலம் முன்பே எழுந்துவிட்டது. அதை எதிர்கொண்டவர்கள் பாய்மரக் கப்பல்களில் வந்து, காற்று திரும்பும்வரை சில வாரமோ சில மாதமோ தங்கிச் சென்ற மாலுமிகளும் வர்த்தகர்களும் பிரயாணிகளும் ஆவர். அவர்கள் கண்ட துர்க்கா பூஜையின் வரலாறும், அவர்கள் உண்ட உணவின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னியவை. அவற்றைச் சற்றே பிரித்துப் பார்த்தால், ஓர் ஊர் தன் வாசற்கதவை அந்நியருக்கு எவ்வாறு சிறுகச் சிறுகத் திறந்தது என்பது நமக்கு விளங்கும்.

முதலில், கப்பல்கள் ஏன் அங்குத் தங்க நேர்ந்தது என்பதைக் காண்போம்.

வங்கக் கடலில் பாய்மரக் கப்பலை நடத்தியவன் மனிதன் அல்லன், பருவக்காற்றே ஆகும். தென்மேற்குக் காற்று கப்பலை வடக்கே கங்கையின் முகத்துவாரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். வடகிழக்குக் காற்று பிறந்த பின்னரே அது தெற்கே திரும்ப இயலும். இது மிகப் பழைய நியதி. சீனத்து யாத்திரிகரான பாஹியான் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று தம்லுக் என வழங்கும் தாமிரலிப்தித் துறைமுகத்தில் இரண்டு ஆண்டுகள் தங்கிப் பௌத்த நூல்களைப் படியெடுத்தார். பின்னர், குளிர்காலக் காற்று தொடங்கியதும் வணிகக் கப்பல் ஒன்றில் ஏறி, பதினான்கு நாளில் இலங்கை சேர்ந்தார் என்று அவருடைய பிரயாணக் குறிப்பு கூறுகின்றது. அதற்கும் முன்னரே, காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்துகிடந்த பண்டங்களைப் பட்டியலிடும் பட்டினப்பாலை, கங்கைச் சமவெளியின் பொருள்களையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கின்றது. ஆகவே கங்கைத் துறைக்கும் நம் துறைகளுக்கும் இடையே காற்றே தூது சென்றது எனலாம்.

ஆங்கிலேயர் காலத்தில் கல்கத்தா பெருந்துறைமுகமான போதும் இந்த நியதி மாறவில்லை. மேலும், அந்தத் துறைமுகம் கடற்கரையில் அமைந்ததன்று. கடலிலிருந்து ஹூக்ளி ஆற்றின் வழியே நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே செல்ல வேண்டும். ஆற்றின் அடியில் மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றுள் ஒன்றுக்கு ‘ஜேம்ஸ் அண்ட் மேரி’ என்று பெயர். 1694-ஆம் ஆண்டில் அங்கு மோதி மூழ்கிய ‘ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி’ என்னும் கப்பலே அதற்கு அப்பெயரைத் தந்தது. எனவே, ‘பைலட்’ எனப்படும் வழிகாட்டி மாலுமி வந்து ஏறும்வரையில் கப்பல் முகத்துவாரத்தில் நிற்கும். ஏறிய பின்னரும் ஓதம் பெருகும் நேரம் பார்த்து நகரும். ஓதம் வற்றினால் நங்கூரம் பாய்ச்சிவிடும்.

இவ்வாறு மழைக்காலக் காற்றில் வந்து சேர்ந்த கப்பல், சரக்கை இறக்கி, சீர்செய்து, புதுச் சரக்கை ஏற்றிக்கொண்டு காற்று திரும்புவதற்குக் காத்திருக்கும் காலம் எது? நம் புரட்டாசியும் ஐப்பசியும் ஆகும். வங்காளிகள் அதனை ஆசுவின மாதம் என்பர். நாம் நவராத்திரி கொண்டாடும் அதே வளர்பிறை நாட்களில்தான் அவர்களுடைய துர்க்கா பூஜையும் வருகின்றது. ஆதலால், கடலோடி வந்தவன் பூஜையைக் காணவேண்டும் என்று திட்டமிட்டு வரவில்லை. பூஜை நடக்கும் ஊரில் காற்று அவனை நிறுத்திவைத்தது. 1833-ஆம் ஆண்டு மே மாதத்தில் பாஸ்டன் நகரிலிருந்து 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்ட ‘டஸ்கனி’ என்னும் கப்பல், உருகியது போக ஏறத்தாழ 100 டன்னுடன் செப்டம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தது. அதாவது, பூஜைக்குச் சில வாரங்களே இருந்த சமயம். அதே வர்த்தகம் பின்னர்ச் சென்னைக்கும் வந்தது. இன்று விவேகானந்தர் இல்லம் எனப் போற்றப்படும் கடற்கரைக் கட்டடத்தை நம் பெரியோர் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றே அழைத்தமை பலருக்கு நினைவிருக்கும்.

வந்தவர்கள் என்ன உண்டார்கள்?

முகத்துவாரத்தின் மேற்கரையில் கெஜுரி என்று ஓர் ஊர் உண்டு. கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும் இடம் அது. தபால் நிலையமும் அங்கு இருந்தது. ராஜா ராம்மோகன் ராய் 1830-இல் ‘அல்பியன்’ கப்பலில் இங்கிலாந்துக்குச் சென்றதும் அவ்வழியேதான். அவ்வூரின் பெயரை ஆங்கிலேயர் ‘கெட்ஜரி’ என்று எழுதினர். அரிசியும் பருப்பும் சேர்த்துச் சமைத்த கிச்சடியையும் அவர்கள் அதே எழுத்துக்களால் ‘கெட்ஜரி’ என்றே எழுதினர். ஊர்ப் பெயருக்கும் உணவின் பெயருக்கும் உறவில்லை; கேட்ட காது ஒன்றாக இருந்ததால் எழுத்தும் ஒன்றாயிற்று. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தத் தற்செயலைக் காணும்போதெல்லாம் ஒரு மகிழ்ச்சி. வங்கத்துக்கு வந்த கப்பற்காரன் முதலில் கண்ட ஊரும், கரையிறங்கி உண்ணக்கூடிய எளிய உணவும் அவன் குறிப்பேட்டில் ஒரே சொல்லாக நின்றன.

அந்தக் கிச்சடி அவனோடு கப்பலேறி இங்கிலாந்துக்கும் போயிற்று. அங்கே பருப்பு நீங்கியது. புகையிட்ட மீனும் அவித்த முட்டையும் சேர்ந்தன. காலைச் சிற்றுண்டியாக அது செல்வர் மேசையில் ஏறிற்று. பெயர் மட்டும் பழைய பெயராகவே எஞ்சியது. அந்நிய உணவை ஏற்றுக்கொண்டோம் என்று நாம் சொல்லும்போது, பல சமயங்களில் அதை நம் உணவாக மாற்றிக்கொண்ட பின்னரே ஏற்றுக்கொள்கிறோம் என்பதற்கு இது ஒரு சான்று.

இனி, கரையில் அவனை எதிர்கொண்டவர்கள் யார் என்று பார்ப்போம். மொழியும் சந்தையும் அறியாத கப்பற்றலைவனுக்கு அரிசி, சர்க்கரை, அவுரி, பட்டு ஆகியவற்றை வாங்கிக் கொடுப்பதற்கும், அவன் கொணர்ந்ததை விற்றுக் கொடுப்பதற்கும் ஓர் உள்ளூர்ப் பிரமுகர் வேண்டும். அவரைக் கல்கத்தாவில் ‘பெனியான்’ என்றனர். நம் சென்னையிலும் புதுச்சேரியிலும் இருந்த துபாஷிகளை இவர்களுக்கு ஒப்பிடலாம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அறிந்தவர்க்கு இத்தகைய மனிதரின் செல்வாக்கு எத்தகையது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

கல்கத்தாவின் பெனியான்களுள் மிகப் புகழ் பெற்றவர் ராம்துலால் தே. 1752-இல் பிறந்து 1825-இல் மறைந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். அவருடைய பாட்டி, மதன்மோகன் தத்தர் என்னும் செல்வரின் வீட்டில் சமையல் வேலைக்கு அமர்ந்தார். அந்த அடுக்களையின் நிழலில் சிறுவன் வளர்ந்தான். பின்னர் அதே செல்வரிடம் கப்பல் கணக்கராகச் சேர்ந்தான். கிரீஷ் சந்திர கோஷ் 1868-இல் ஆற்றிய சொற்பொழிவு, அவர் வாழ்வின் திருப்புமுனையைக் கூறுகின்றது. ஏலத்துக்குச் சென்ற ராம்துலால், ஆற்று முகத்துவாரத்தில் மூழ்கிய ஒரு கப்பலை எஜமானரின் பணம் 14,000 ரூபாய்க்கு வாங்கினார். உடனேயே அதை ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய் லாபத்துக்கு விற்றார். அத்தொகையில் ஒரு காசையும் தனக்கென வைத்துக்கொள்ளாமல் எஜமானரின் முன் வைத்தார். அவரோ, ‘இது உன் பாக்கியம்’ என்ற கருத்தில் லாபம் முழுவதையும் அந்த இளைஞருக்கே கொடுத்துவிட்டார்.

அந்தச் சமயம் அமெரிக்கக் கப்பல்கள் கல்கத்தாவுக்கு வரத் தொடங்கியிருந்த காலம். ஜார்ஜ் வாஷிங்டன் 1792-இல் நியமித்த அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் ஜாய் 1794-இல் இங்கு வந்து சேர்ந்தார். அமெரிக்க வர்த்தகர்கள் ராம்துலாலை மிகவும் நம்பினர். 1801-இல் வாஷிங்டனின் முழு உருவ ஓவியம் ஒன்றை அவருக்குப் பரிசாக அளித்தனர். கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரையே இட்டனர். வில்லியம் வின்ஸ்டான்லி தீட்டிய அந்த ஓவியம் இப்போது அமெரிக்காவின் வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகத்தில் உள்ளது. ராம்துலாலின் குடும்பத்துத் துர்க்கா பூஜையோ கல்கத்தா பீடன் தெருவில் இன்றும் நடந்துவருகின்றது. அவருடைய புதல்வர்களின் செல்லப் பெயரால் ‘சாத்து பாபு – லாட்டு பாபு வீட்டுப் பூஜை’ என்று மக்கள் அதனை அழைக்கின்றனர்.

மற்றுமொரு செய்தி. அமெரிக்காவின் சேலம் துறைமுகத்திலுள்ள பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில், கல்கத்தா பெனியான்களின் ஆளுயரக் களிமண் உருவங்கள் உள்ளன. வங்கத்து மண்பாண்டக் கலைஞர்கள் வனைந்தவை அவை. கலை ஒன்றே. கல்கத்தாவின் குமார்டுலியில் அக்கலையால் உருப்பெறும் தேவி, நான்கைந்து நாளில் ஆற்றில் கரைந்துவிடுகின்றாள். கப்பலேறிய வணிகரோ மண்ணுருவாகவே ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாகக் கடலுக்கு அப்பால் நிற்கின்றார்.

பெனியான்களும் ஜமீன்தார்களும் தம் மாளிகைகளில் நடத்திய பூஜைக்கு வெள்ளையர்களை அழைப்பது பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே வழக்கமாயிற்று. பிளாசிப் போர் நடந்த 1757-இல் ஷோபாபஜார் நவகிருஷ்ண தேவ் நடத்திய பூஜைக்குக் கிளைவ் வந்தார் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. வரலாற்று ஆசிரியர் சிலர் இதனை ஏற்பதில்லை. ஆயினும், பின்னாளில் இத்தகைய விருந்துகள் எவ்வாறு நடந்தன என்பதற்கு நேரிற் கண்ட சாட்சி உண்டு. 1822-இல் கடல்வழியே கல்கத்தா வந்த பேன்னி பார்க்ஸ் என்னும் ஆங்கில மாது, மறு ஆண்டு அக்டோபரில் ஒரு செல்வர் வீட்டுப் பூஜைக்குச் சென்றதைத் தம் பிரயாண நூலில் விவரித்திருக்கின்றார். நடுவில் முற்றம், ஒரு புறத்தில் தேவியின் திருவுருவம், மற்றொரு புறத்தில் நாட்டியம். பக்கத்து அறையிலோ ஐரோப்பிய முறையில் இராவிருந்து. அதனை ஆயத்தம் செய்தது கன்டர் அண்ட் ஹூப்பர் என்னும் ஐரோப்பிய நிறுவனம். குளிர்ந்த பண்டங்களும் பிரெஞ்சு மதுவும் அங்கு இருந்தன.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். தேவியின் வீட்டுக்கு வந்த விருந்தாளி, தேவியின் முன் படைத்ததை உண்ணவில்லை. தன் நாட்டு உணவையே உண்டு திரும்பினான். வீட்டுக்காரரும் அதையே மரியாதையெனக் கருதினார். இதற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. அந்தணரல்லாத பழைய குடும்பங்களில் சமைத்த அன்னத்தைத் தேவிக்குப் படைக்கும் வழக்கம் இல்லை. ஷோபாபஜார் மாளிகையில் இன்றும் இனிப்புகளும் பணியாரங்களுமே படைக்கப்படுகின்றன. ஆகவே, யார் சமைத்ததை யார் உண்பது என்ற பழைய கட்டுப்பாடு தேவியின் சந்நிதிவரை நீண்டிருந்தது. அந்தக் கட்டுப்பாட்டின் நடுவே, விருந்தாளிக்குத் தனி அறையும் தனி உணவும் எளிய உபாயமாயின. பார்க்க வந்தான், பார்த்தான், போனான். பந்தியில் மட்டும் உட்காரவில்லை.

அந்தத் தனி அறைக்குள்ளும் எல்லாக் கப்பற்காரரும் நுழைந்துவிடவில்லை. கப்பற்றலைவர்களும் வர்த்தகர்களுமே அழைப்புக்கு உரியவர். சாதாரண வெள்ளை மாலுமிக்கு லால் பஜார், பௌ பஜார் பகுதிகளின் சாராயக் கடைகளே புகலிடம். கப்பலின் பாரத்தையெல்லாம் தோளில் தாங்கிய ‘லஸ்கர்’ எனப்படும் நம் நாட்டு மாலுமிகளைப் பற்றியோ ஏடுகளில் அதிகம் காண்பதற்கில்லை. அவர்களிற் பெரும்பாலோர் சில்ஹெட், நவகாளி, சட்டகிராமம் ஆகிய கிழக்கு வங்காளத்துப் பகுதிகளைச் சேர்ந்த முஸ்லிம்கள். அரிசி, பருப்பு, நெய், கருவாடு என்பவையே கப்பலில் அவர்களுக்குரிய படி. கிதிர்பூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளில் தங்கி அடுத்த கப்பலுக்குக் காத்திருந்த அவர்கள், தெருவில் செல்லும் தேவியின் ஊர்வலத்தைக் கண்டிருப்பர். கண்டதை எழுதிவைக்க அவர்களுக்கு நூலும் இல்லை, நூலை அச்சிடுவாரும் இல்லை. துறைமுகத்துத் திருவிழா வரலாறு என்று நாம் படிப்பது நாற்காலியில் அமர்ந்தவர்கள் எழுதிய வரலாறு என்பதை மறத்தல் கூடாது.

காத்திருக்கும் காலம் ஆபத்தான காலமும் ஆகும். ஐப்பசி என்றால் வங்கக் கடலில் புயல் என்பது நம் கடற்கரையார்க்கும் தெரிந்ததே. 1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், பூஜை தொடங்கவிருந்த தறுவாயில், ஒரு பெரும்புயல் ஹூக்ளியின் வழியே ஏறி வந்தது. துறைமுகத்தில் நின்ற 190-க்கும் மேற்பட்ட கப்பல்களில் சேதமின்றித் தப்பியவை இருபத்துமூன்றே. முகத்துவாரத்துக் கிராமங்களில் பல்லாயிரம் மக்கள் கடல்வெள்ளத்தில் மாண்டனர். கெஜுரி தன் பழைய சிறப்பை இழந்தது. வங்காளிகள் அதனை ‘ஆசுவின மாதத்துப் புயல்’ என்றே நினைவில் வைத்தனர். அதற்குப் பின்னர், 1870-இல் துறைமுகத்தைப் பரிபாலிக்கத் தனி ஆணையம் அமைந்தது. அதற்கிடையே 1869-இல் சூயஸ் கால்வாயும் திறந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகின. காற்றுக்குக் காத்திருக்கும் தேவை குறைந்தது. 1892-இல் கிதிர்பூர்க் கப்பல்துறை திறக்கப்பட்டபின், மாதக்கணக்கில் தங்கிய கப்பல்கள் நாட்கணக்கில் தங்கலாயின. 1977-இல் ஹால்டியா துறை அமைந்தது முதல் பெருங்கப்பல்கள் பல நகரின் பக்கமே வருவதில்லை.

கப்பல் தங்கும் காலம் குறைந்துவந்த அந்நாட்களில், நகரத்துக்குள் மற்றொரு மாறுதல் நடந்தது. பூஜை மாளிகையை விட்டுத் தெருவுக்கு வந்தது. ஹூக்ளி மாவட்டத்துக் குப்திபாடாவில் 1790-ஐ ஒட்டிப் பன்னிரண்டு நண்பர் கூடிப் பொதுப் பணத்தில் தேவி பூஜை நடத்தினர் என்பர். ‘பாரோ’ என்றால் பன்னிரண்டு. ‘யார்’ என்றால் நண்பர். ‘பாரோவாரி’ என்ற சொல் அவ்வாறு பிறந்தது. கல்கத்தாவில் 1910-இல் பவானிபூரிலும், 1919-இல் பாக்பஜாரிலும் பொதுப் பூஜைகள் தோன்றின. 1926-இல் சிம்லா உடற்பயிற்சிச் சங்கத்தார் நடத்திய பூஜை, சாதி வேற்றுமையின்றி யாவரும் வரலாம் என்னும் கொள்கையால் புகழ்பெற்றது. ‘சர்வஜனீன்’ என்ற அடைமொழி அன்றுமுதல் ஊரெங்கும் பரவிற்று. எல்லா ஜனங்களுக்கும் உரியது என்பது அதன் பொருள். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் கொல்கத்தாவின் துர்க்கா பூஜையை மானிடகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

பந்தலுக்கு வந்தபின் பந்தியும் மாறிற்று. மகாஷ்டமி நண்பகலில் பேட்டைதோறும் பெரிய அண்டாக்களில் கிச்சடி வேகும். வறுத்த பாசிப்பருப்பும், கோவிந்தபோக் என்னும் மணமுள்ள சிற்றரிசியும், இஞ்சியும் நெய்யும் சேர்ந்தது அது, வெங்காயம் சேராது. உடன் பல காய்கள் கலந்த ‘லாப்ரா’, கத்தரிக்காய் பஜ்ஜி, இனிப்பும் புளிப்புமான சட்னி, பாயசம். தேவிக்குப் படைத்ததையே அண்டை அயலார் வரிசையில் அமர்ந்து உண்கின்றனர். பேன்னி பார்க்ஸ் கண்ட தனி அறை இங்கு இல்லை.

இதுவரை பிறர் கதையைச் சொன்னேன். என் கதையையும் சொல்லாவிடில் இப்பேச்சு நேர்மையாகாது.

மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளனாக நான் இந்நகருக்கு வந்தபோது, மூன்று ஆண்டில் மாற்றல் வந்துவிடும் என்ற எண்ணத்திலேயே வந்தேன். மூட்டைகளில் ஒன்றை அவிழ்க்கவேயில்லை. லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைத்தன, வேறென்ன வேண்டும்? பூஜை நாட்களில் வீட்டில் கொலு வைத்தோம், சுண்டல் செய்தோம். மாலையில் குடும்பத்தோடு பந்தல் பந்தலாகச் சென்று விளக்கலங்காரம் பார்த்தோம். வீடு திரும்பிச் சாம்பார் சாதம் உண்டோம். இவ்வாறு நான்கு ஆண்டுகள். பின்னொரு நாள் அந்த ஆங்கில மாதின் குறிப்பைப் படித்தபோது எனக்கு வெட்கம் வந்தது. தேவியைப் பார்த்துவிட்டுத் தம் நாட்டு உணவுக்குத் திரும்பிய அந்த விருந்தாளிகளுக்கும் எனக்கும் என்ன வேற்றுமை?

ஐந்தாம் ஆண்டு மகாஷ்டமியன்று, திடீரென்று பிடித்த மழைக்கு ஒதுங்கிப் பேட்டைப் பந்தலில் நின்றேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. வாளியும் கரண்டியுமாகச் சென்ற ஓர் இளைஞன், ‘ஏன் நிற்கிறீர்கள், தாதா? உட்காருங்கள்’ என்றான். தாதா என்பது வங்காளியில் அண்ணன். உட்கார்ந்தேன். இலைத்தட்டில் விழுந்த கிச்சடியை வாயில் இட்டதும், மஞ்சள் பூசிய நம் வெண்பொங்கல் என்று தோன்றிற்று. கேளாமலே இரண்டாம் முறையும் பரிமாறினான். எழும்போது, ‘அடுத்த ஆண்டு நீங்களும் வந்து பரிமாற வேண்டும்’ என்றான்.

அடுத்த ஆண்டு பரிமாறினேன். வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்தபோது, இரு இளைஞர் தமக்குள் தமிழில் பேசுவது காதில் விழுந்தது. சரக்குக் கப்பல் மாலுமிகள். ஒருவன் தூத்துக்குடிப் பையன். கப்பல் கிதிர்பூரில் நிற்கின்றது. இரவு ஓதத்தில் புறப்பட்டுவிடும். இக்காலத்துக் கப்பலும் அந்தத் துறையின் மதகைக் கடக்க ஓதத்தின் தயவை நாடவே வேண்டியிருக்கின்றது. ‘நம்ம பொங்கல் மாதிரியே இருக்குது, அண்ணே’ என்றான் அவன். பிறகு, ‘நீங்க எந்த ஊரு?’ என்று கேட்டான். சொந்த ஊரின் பெயர் நாக்கு நுனிக்கு வந்தது. கையிலோ வாளி இருந்தது. ‘இந்தப் பேட்டைதான், தம்பி’ என்று சொல்லி அவனுக்கு இன்னொரு கரண்டி பரிமாறினேன். வீட்டுக்கு வந்து, அவிழ்க்காமல் வைத்திருந்த மூட்டையையும் அன்றே அவிழ்த்தேன்.

நேயர்களே, தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். புதிதாக வந்தவரே விருந்தினர். அப்படியாயின், ஒருவர் எத்தனை ஆண்டுகள் புதியவராகவே இருக்க இயலும்? வடமொழியாளர் விருந்தினரை அதிதி என்பர். திதி குறியாமல் வருபவர் என்று அதற்கு விளக்கம் கூறுவர். திதி குறியாமல் வந்த நாம், தங்கிவிட்டபின் பரிமாறுவோர் பக்கத்துக்கு மாறுவதே முறை. கொலுவையும் சுண்டலையும் விட்டுவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. நம் கொலுவுக்கு அண்டை வீட்டாரை அழைப்போம். அவர்கள் பந்தியில் நாமும் உட்காருவோம். நாம் வாழும் ஊர் ஆமதாபாத்தாயினும் நாகபுரியாயினும் இது பொருந்தும்.

வங்காளியரின் நம்பிக்கையில் துர்க்கையும் சில நாள் தங்கிச் செல்ல வருபவளே. கைலாயத்திலிருந்து பிறந்தகத்துக்கு வரும் மகள் அவள். அவள் எதில் ஏறி வருகிறாள் என்று ஆண்டுதோறும் பஞ்சாங்கம் சொல்லும்: யானை, குதிரை, பல்லக்கு, படகு. சப்தமி புதன்கிழமையில் அமைந்தால் படகில் வருகிறாள். நீரும் விளைவும் பெருகும் என்பது பலன். விஜயதசமியன்று அவள் புறப்படுமுன், பழைய குடும்பங்கள் சிலவற்றில் அவளுக்குப் பழைய சோறும் சேம்புக் கீரையும் படைக்கின்றனர். பயணம் போகும் பெண்ணுக்கு எளிய வீட்டுச் சோறு! நம் தாய்மாருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஷோபாபஜார் மாளிகைத் தேவியை இரண்டு படகுகளுக்கு நடுவே ஏற்றி நடு ஆற்றுக்குக் கொண்டுசெல்வர். படகுகள் விலகும், தேவி நீரில் இறங்குவாள். கரையில் நிற்பவர் யாவரும், வரும் ஆண்டு மீண்டும் என்று ஒருமித்துக் கூவுவர்.

அக்குரலோடு என் குரலையும் சேர்த்துக் கூவிவிட்டு, வெறும் அண்டாவைக் கழுவப் பேட்டைக்குத் திரும்புகின்றேன். நீங்கள் வாழும் ஊரின் திருவிழா வரும்போது, அங்கும் ஒரு வாளி உங்கள் கைக்காகக் காத்திருக்கும்.